எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி: ஸ்கேன் நன்று, அறிக்கை போதாது

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த 12ஆம் நாள், மூளையின் இடப்பக்கம் தெரிந்த வீக்கம் இரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, கட்டியா என்பதை சிடி ஸ்கேனை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது என்று கூறிய நரம்பியல் மருத்துவர், திசுவிலுள்ள வேதிப்பொருள்களை அளந்து காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியுடன் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார். அதற்காக நாங்கள் சென்ற தனியார் ஸ்கேன் சென்டரைப் பற்றியது இக்குறிப்பு.

அரை மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளி அரைஞாண், பல்செட் உட்பட அனைத்தையும் கேட்டுக் கழற்ற வைத்தார்கள். பேஸ்மேக்கர் உண்டா என்று இருவர் தனித்தனியே விசாரித்தார்கள். இவ்வளவு கவனமானவர்கள், அவசரத்துக்கு அழுத்த வேண்டிய ரப்பர் பந்தைச் செயலிழந்த வலக்கையில் வைத்ததுதான் வியப்பு. நான் சொன்ன பிறகே இடக்கைக்கு மாற்றினார்கள்.

கதிரியக்க மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து, திரையில் வரைபடத்தைக் காட்டி விளக்கியதற்காகவே இம்மையத்தைப் பாராட்டலாம். வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியோ, குறித்த ஒரு சிறு கட்டத்துக்குள் எந்த வேதிப்பொருள் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதை மேடுகளாக வரைந்து காட்டும். நரம்பணுக்கள் நலமாக இருப்பதன் அடையாளமாக 2.0 பிபிஎம் (வரைபடத்தில் மேட்டின் இடத்தைக் குறிக்கும் அலகு) அருகே ஓங்கி நிற்க வேண்டிய என்.ஏ.ஏ. என்ற வேதிப்பொருளின் மேடு, பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஏறக்குறையத் தரையோடு கிடந்தது. 1.3 அருகே, நலமான மூளையில் பெரும்பாலும் தென்படாத லாக்டேட், இரட்டை முனையோடு தலைகீழாகத் தொங்கியது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸைச் சிதைக்கும் திசுவில் தேங்குவது அதுவே. திசுவைத் தூண்டிய 144 மில்லிசெகண்டு கழித்துச் சமிக்ஞையைப் பதிவு செய்ததால் கீழ்நோக்கித் தெரிகிறது, கொழுப்பின் மேட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அது உதவும் என்றார். லாக்டேட் கட்டியிலும் வரக்கூடும். ஆனால் கட்டியில் பொதுவாக உயரும் கோலின் என்ற வேதிப்பொருள் இங்கே உயரவில்லை என்பதால், அடைப்பு என்றே கொள்ளலாம் என்று முடித்தார்.

மறுநாள் கைக்கு வந்த அறிக்கையில் இத்தனையும் ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. ஃபிலிமிலும் வரைபடம் இல்லை. நரம்பியல் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டார். மீண்டும் ஒருமுறை அலைந்து வாங்கி வந்தோம். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பிக்குத் தனிக் கட்டணம் என்பதையும் பில் போடும்போதுதான் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். இங்கேயே எடுப்போம், ஆனால் வரைபடத்தையும், கட்டம் வைத்த இடத்தைக் காட்டும் படத்தையும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவோம்.