தூக்கமா, நடையா: மாம்பழ சீசனில் எது தாக்குப்பிடித்தது?

குரூப் 4 தேர்வை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதலாவது 2024 ஜூன் 9, அடுத்தது 2025 ஜூலை 12. இரண்டுமே கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் மும்முரமாக இருக்கும் நாட்கள். எனக்கு வேலை ஒரு மாங்கூழ் ஆலையில், எடைமேடையில் பில் போடுவது. மற்ற மாதங்களில் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். மே பிறந்துவிட்டால் ஜூலை முடிகிற வரை பெங்களூரா ரக மாம்பழ லோடு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். வீடு சேர இரவு 11 ஆகும்.

முதல் முறை தூக்கத்தை நம்பிப் படித்தேன். இரண்டாவது முறை நடையை நம்பினேன். இப்போது எங்கள் ஆலையிலேயே மூன்று பெண்கள் படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். "படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குதுக்கா, நீ என்ன பண்ணின?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை, வீடு, பிள்ளை மூன்றையும் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு நான் நடையைத்தான் சொல்வேன்.

பலரும் முதலில் கேட்பது மாத்திரை, லேகியம். எங்கள் வீட்டில் அத்தை வாரம் ஒரு முறை வல்லாரைத் துவையல் அரைப்பார், நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். ஞாபகசக்திக்கென்று கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பிராமி' என்ற பெயரில் விற்பது சில சமயம் வல்லாரையாக இருக்கும், சில சமயம் நீர்ப்பிரமியாக இருக்கும். இரண்டும் வேறு வேறு செடிகள். சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது நீர்ப்பிரமிக்குத்தான், அதுவும் மூன்று மாதம் போல விடாமல் சாப்பிட்டவர்களிடம். ஜின்கோ என்ற மரத்தின் இலையில் செய்யும் மாத்திரையை அமெரிக்காவில் 3,069 முதியவர்களை வைத்துப் பல வருடம் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. போனில் விளையாடும் 'மூளைப் பயிற்சி' விளையாட்டுகளும் அப்படித்தான். லுமாசிட்டி என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் விளம்பரத்தில் மிகைப்படுத்திச் சொன்னதற்காக 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அந்த விளையாட்டை ஆட ஆட அந்த விளையாட்டு நன்றாக வரும், அவ்வளவுதான். இதோடு இவற்றை விட்டுவிடுகிறேன்.

தூக்கத்துக்கு வருவோம். தூக்கத்தின் பக்கம் இருக்கும் ஆதாரம் நடையின் பக்கம் இருப்பதைவிட பலமானது, அதை மறைக்க மாட்டேன். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலென்பாக் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்திருக்கிறார்கள். பொருளே இல்லாத அசைகளை இரண்டு மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். சில நாள் படித்தவுடன் தூங்கவைத்தார்கள், சில நாள் விழித்திருக்கவைத்தார்கள். தூங்கி எழுந்த நாட்களில்தான் அதிகம் நினைவில் நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. பகலில் படித்ததை மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி பிடித்துவைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது திரும்பத் திரும்ப ஓட்டப்பட்டு, மூளையின் மேற்பகுதியில் நிலையாகப் பதிகிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் 2024 பிப்ரவரியில் தொடங்கினேன். இரவு 9.30-க்கு விளக்கை அணைப்பது, விடியற்காலை 4.30-க்கு எழுவது. மாலை டீயை விட்டேன். போன் சமையலறை அலமாரியில் தூங்கியது. மூன்று மாதம் அற்புதமாகப் போனது. முதல் நாள் இரவு படித்த சிற்றிலக்கியப் பெயர்கள் காலையில் பல் விளக்கும்போதே வரிசையாக வந்து நிற்கும். ஒரே பாடத்தை நாலு தடவை படித்துப் பழகிய எனக்கு அது பெரிய அதிசயம்.

அப்புறம் மே வந்தது. 11 மணிக்கு வீடு, சாப்பிட்டுப் படுக்க 12. காலையில் பையனுக்கும் வீட்டுக்காரருக்கும் சமைக்க 5.30-க்கு எழ வேண்டும். ஐந்தரை மணி நேரம்தான் கிடைத்தது, அதிலும் முதல் அரை மணி நேரம் கண்ணை மூடினால் லாரி நம்பரும் டன் கணக்கும் ஓடும். 'தூங்கியாக வேண்டும், தேர்வு நெருங்குகிறது' என்று நினைக்க நினைக்கத் தூக்கம் தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை பகலில் சேர்த்துத் தூங்கிப் பார்த்தேன். அன்று இரவு இரண்டு மணி வரை விழித்துக் கிடந்தேன், திங்கட்கிழமை பாழ். மே 1 முதல் ஜூன் 8 வரை 39 இரவுகள். அதில் ஏழு மணி நேரம் தூங்கியது ஆறே ஆறு இரவு என்று என் டைரி சொல்கிறது. தேர்வு அறையில் ஆசிரியர் பெயர் தொண்டை வரை வந்து நிற்கும், வெளியே வராது. 200 கேள்வியில் 118 சரி.

தூக்கத்துக்கும் நடைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு எனக்குப் பிறகுதான் புரிந்தது. தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் இந்த ஒன்றைத்தான் பார்க்கச் சொல்வேன்: அறுந்துபோன பிறகு மறுபடி முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகிறது?

எந்தப் பழக்கமும் ஒரு நாள் அறுந்துபோகும். பையனுக்குக் காய்ச்சல் வரும், ஆடி மாதம் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மைக்செட் இரவு வரை பாடும், ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். தூக்கம் அறுந்தால் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. படுக்கிற நேரம் நகர்ந்துவிடுகிறது, உடம்பு பழைய நேரத்துக்குத் திரும்ப எனக்கு மூன்று நான்கு நாளாவது பிடிக்கிறது. அதற்குள் அடுத்த லோடு நிற்கிறது. இன்னொன்று, தூக்கத்தை வலிந்து செய்ய முடியாது. பாயை விரிக்கலாம், விளக்கை அணைக்கலாம், அதற்குமேல் அது வந்தால்தான் உண்டு. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒத்துழைத்தால்தான் வரும். நடை அப்படி இல்லை. செருப்பை மாட்டினால் நடந்தாயிற்று. நாலு நாள் விட்டுப்போனால் நாலு நாள்தான் போனது, ஐந்தாவது நாள் முழு நடை கிடைக்கிறது.

2024 ஆகஸ்ட்டில் நடக்கத் தொடங்கினேன். முதலில் விடியற்காலை 4.45-க்குப் பழையபேட்டைத் தெருக்களில் போனேன். இருட்டும் நாய்களும் சேர்ந்து இரண்டே வாரத்தில் அதை நிறுத்தின. தனியாக நடக்கும் பெண்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். மாலை 6.15-க்கு மாற்றினேன். சையத் பாஷா மலைக்குப் பின்னால் வெளிச்சம் குறையும் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். 35 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகம். உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்கிறது. ஐந்து நாள் நடந்தால் அதைத் தாண்டிவிடும்.

நடைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வைச் சொல்வார்கள். 120 முதியவர்களில் ஒரு பகுதியினரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடக்கவைத்தார்கள். வயதானால் சுருங்க வேண்டிய ஹிப்போகேம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் போல வளர்ந்திருந்தது. வெறும் உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. எனக்கு 33 வயது, ஆகவே அந்தக் கணக்கு எனக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நெருக்கமாகப் படுவது 2009-ல் வந்த இன்னொன்று. ஒன்பது வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்தபோது கவனம் கூடியிருந்தது. என் அனுபவமும் அதுதான். நடந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் படிப்பில் மனம் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வழக்கம்போலத்தான்.

நடையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. கையில் புத்தகம் இல்லாததால் நினைவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அரசியலமைப்புப் பிரிவுகளைத் தெருவோடு கோத்துக்கொண்டேன். பிரிவு 14 மாவு மில்லில் தொடங்கும். 17, தீண்டாமை ஒழிப்பு, தையல் கடை. 21ஏ, கல்வி உரிமை, பள்ளிக்கூட கேட். 24, குழந்தைத் தொழிலாளர் தடை, டீக்கடை முனை. 32-க்கு வரும்போது வீடு திரும்பும் சந்து வந்துவிடும். எங்கே விட்டுப்போகிறதோ அதை மட்டும் வீட்டுக்கு வந்து பார்ப்பேன். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் காட்டியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. படித்தவுடன் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும் ஏமாற்றம் அதனால்தான்.

சரி, சீசனில் என்ன ஆயிற்று? மாலை நடை மே முதல் வாரத்திலேயே போய்விட்டது. ஆலையில் நாலு மணிக்கு டீ இடைவேளை உண்டு. டீயைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, காலி கிரேட் அடுக்கியிருக்கும் பின்பக்கக் களத்தைச் சுற்றி 20 நிமிடம் நடந்தேன். வெயிலும் ஈயும் பழ வாசனையுமாக இருக்கும், ஆனால் நடந்தாயிற்று. இரண்டாவது வாரம் பில் போடும் இன்னொரு அக்காவும் சேர்ந்துகொண்டார். அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். மே 1 முதல் ஜூலை 11 வரை 72 நாளில் 51 நாள் நடந்திருக்கிறேன். தொடர்ச்சியாக விட்டது அதிகபட்சம் நாலு நாள். தூக்கம் அந்த வருடமும் ஐந்தரை, ஆறு மணி நேரம்தான். ஆனால் படுத்தவுடன் வந்தது. லாரி நம்பர் கண்ணுக்குள் ஓடவில்லை. நடை தூக்கத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். தூக்கம் மட்டும் இருந்தபோது அது என்னை நடக்கவைக்கவில்லை.

இந்த முறை 141 சரி. இந்த 23 கேள்வியையும் நடையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்று, பாடத்தை இரண்டாவது முறை படிக்கிறேன். இரண்டாவது, இரத்தம். 2024 செப்டம்பரில் நடக்கும்போது சீக்கிரமே மூச்சு வாங்கியது என்று டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்றார். வைட்டமின் சி சேர்ந்தால் கூடும் என்பதால் மதியம் ஒரு நெல்லிக்காய் வைத்துக்கொண்டேன். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை தகடூர்ப் பக்கத்து ஆட்களான எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அதைத் தினமும் சாப்பிட இப்படி ஒரு காரணம் வேண்டியிருந்தது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பகல் மயக்கம் விலகியது. மனம் ஒருநிலைப்படாததற்கு இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, தைராய்டு இவையும் காரணமாக இருக்கலாம். எப்போதும் அசதியாக இருக்கிற பெண்கள் நடையையும் தூக்கத்தையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தக் குறையை எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் சரிசெய்ய முடியாது. நான் நடக்கப் போனதால்தான் அது கண்ணில் பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சீசன் இல்லாத ஒன்பது மாதங்களில் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். மாலை நடை, இரவு 10 மணிக்குப் படுக்கை. கல்லூரி விடுமுறையில் வீட்டோடு இருந்து படிக்கிற பிள்ளைகளுக்கும், நேரம் தன் கையில் இருக்கிறவர்களுக்கும் தூக்கமே முதலிடம். அங்கே நான் நடையைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

இன்னும் ஓர் ஆள் இருக்கிறான். என் சித்தி மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சுழற்சி முறையில் வேலை செய்கிறான். மாதத்தில் ஒரு வாரம் முழுக்க இரவு ஷிப்ட், காலை ஏழு மணிக்கு வெளியே வருவான். நான் சொன்னேன் என்று அந்த நேரத்தில் நடந்து பார்த்தான். வெயில் கண்ணில் பட்டால் உடம்பு அதைப் பகல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். படுத்தும் மதியம் வரை தூக்கம் வராமல் புரண்டிருக்கிறான். "அக்கா, எனக்கு இது ஒத்துவரல" என்று போன் செய்தான். அந்த வாரத்துக்கு நடையை விட்டுவிடு, தொப்பி போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போ, ஜன்னலுக்குக் கெட்டியான துணி கட்டு என்றேன். மற்ற மூன்று வாரங்களில் நடக்கிறான். அவன் கணக்கு எப்படிப் போகிறது என்பதை அடுத்த தேர்வுக்குப் பிறகுதான் கேட்க வேண்டும்.