பாலோடு சைவமா, பாலும் இல்லாமலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவள் நான். கறியை விட்டபோது என் முன் இரண்டு வழி இருந்தது: பாலை வைத்துக்கொள்ளும் சைவம், பாலும் தோலும்கூட வேண்டாம் என்னும் நனிசைவம்.

முதல் வழி நம் வீடுகளுக்குப் பழகியது. தைப்பூச விரதத்தில் அம்மா சமைப்பதை அப்படியே சாப்பிடலாம், பால்குடமும் எடுக்கலாம். தயிர், மோர் இருப்பதால் பி12 சத்தும் ஓரளவு கிடைக்கும். ஆனால் கன்று ஈனாமல் மாடு பால் தராது. பெரிய பால் பண்ணைகளில் பிறக்கும் காளைக் கன்றுகள் பெரும்பாலும் இறைச்சிக்கே போகின்றன. எங்கள் லயத்தில் பாட்டி கன்றுக்கு விட்டுவிட்டுத்தான் கறப்பார். டின் பாலில் அந்தக் கன்று எங்கே?

நனிசைவத்தில் சாப்பாடு சிரமமில்லை. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, தேங்காய்ப்பால் எல்லாம் பசாரிலேயே, அதாவது சந்தையிலேயே உண்டு. பால் கலந்து இழுத்து ஆற்றும் தே தாரிக்குப் பதில், பாலில்லாத் தேநீரான தே ஓ. பி12 மாத்திரை மட்டும் அவசியம். சம்பலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது போட்டிருக்கிறார்களா என்று இரண்டு வழியிலும் கேட்டே ஆகவேண்டும். கஷ்டம் உறுமி மேளத்தில்தான், அதன் முகம் தோல். தம்பி வாசிக்கும்போது எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, நான் இரண்டாவதையே எடுத்தேன். புதிதாகத் தோல் பொருள் வாங்குவதில்லை. அப்பாவின் பழைய பெல்ட் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.