கோவாலா ஜீனோமில் ரெட்ரோவைரஸ் தேட ரிப்பீட்மாஸ்கர்: பழசுக்குச் சரி, புதுசுக்குப் போதாது

2007இல் வெளியான ஒபாசம் என்ற வயிற்றுப்பை விலங்கின் ஜீனோமில் (முழு மரபணுத் தொகுப்பில்) பாதிக்கு மேல் இடம்விட்டு இடம் தாவும் கூறுகள்தான். வயிற்றுப்பை விலங்குகளின் ஜீனோமில் பழைய ரெட்ரோவைரஸ் (தன் நகலை உயிரியின் டிஎன்ஏவுக்குள் செருகும் வைரஸ்) எச்சங்களைத் தேட, தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ரிப்பீட்மாஸ்கர் நல்ல கருவி, அதுவும் இலவசம். வைரஸின் உள்பகுதி அழிந்து, எல்டிஆர் (வைரஸின் இரு முனைகளிலும் திரும்ப வரும் வரிசை) மட்டும் மிஞ்சியதைக்கூடப் பிடித்துவிடும்.

கோவாலா ரெட்ரோவைரஸ், அதாவது கோர்வி, என்று வந்தால்தான் தடுமாறுகிறது. இது இன்னும் ஜீனோமுக்குள் குடியேறிக்கொண்டிருக்கும் வைரஸ்.

முதலில் நூலகம், அதாவது கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் வரிசைகளின் கோப்பு. கோர்வி அதில் இருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள், நீங்களே சேருங்கள். சுமார் 8,400 கார இணை கொண்ட முழு வைரஸை ஒரே பதிவாகப் போட்டால், இரு முனைகளிலும் உள்ள ஒரே மாதிரி எல்டிஆர்கள் குழப்பிவிடும். தனி எல்டிஆர் எது, முழு வைரஸ் எது என்று பிரிக்க முடியாது. எல்டிஆர் ஒரு பதிவு, உள்பகுதி ஒரு பதிவு. பெயருக்குப் பின் ஹேஷ் குறி போட்டு வகையை (எல்டிஆர், சாய்கோடு, ஈஆர்வி1) எழுதாவிட்டால் சுருக்க அட்டவணையில் வகையற்றவையோடு போய்ச் சேரும். சொந்த நூலகம் கொடுத்ததும் கருவி தன் வழக்கமான தரவுத்தளமான டிஃபாமைப் பார்க்காது; இரண்டையும் ஒரே கோப்பாக ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

வரிசைப் பெயர் 50 எழுத்தைத் தாண்டினால் ஓட்டம் நின்றுவிடும். கருவிக்குள் தேடலைச் செய்யும் ஆர்எம்பிளாஸ்ட் நிரலில் இணை ஓட்டம் 8 என்றால் 32 கோர் போகும். ஜீன்கள் இருக்கும் இடத்தைக் குறிப்பதற்காகக் கிடைத்த கூறுகளை மறைக்கும்போது சிறிய எழுத்தாக மாற்றும் வழியே மேல்; 'N' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு அழித்தால் திரும்பக் கிடைக்காது.

விளைவுக் கோப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவாலாவில் கோர்வியின் முனைகளுக்கு நடுவே ஃபெர் என்ற பழைய கூறு ஒட்டிய கலப்பு வைரஸ்கள் உண்டு. ரிப்பீட்மாஸ்கர் அதைத் தனித்தனி வரிகளாகத்தான் காட்டும். ஒன்றுக்குள் ஒன்று செருகியதாகத் தவறாகப் படித்துவிடலாம். கடைசி நெடுவரிசையின் அடையாள எண்ணை மட்டும் நம்பாமல் எல்லைகளைக் கையால் பாருங்கள்.

டிஎன்ஏவைக் குறுந்துண்டுகளாக வாசித்துக் கட்டிய ஜீனோமை இதற்குக் கொடுப்பது வீண். கோர்வி நகல்கள் அச்சு அசலாக ஒத்திருப்பதால் பல நகல் ஒன்றாகச் சுருங்கிவிடும். 2018இல் நீள்வாசிப்பில் கட்டிய கோவாலா ஜீனோம் பரவாயில்லை. ஆனால் அதில் தெரிவது அந்த ஒரு விலங்கின் செருகல்கள். அடுத்த கோவாலாவில் வேறு இடங்கள் இருக்கும். அவற்றைப் பிடிக்க, அதன் வாசிப்புகளைப் பொருத்தி, பாதி வைரஸிலும் பாதி ஜீனோமிலும் விழும் துண்டுகளைத் தேட வேண்டும்.

செருகியிருக்கும் வைரஸ் உயிர்ப்புள்ளதா என்பதை இந்தக் கருவி சொல்லாது. இரு எல்டிஆரும் துல்லியமாக ஒத்திருந்தால் செருகல் புதியது. வைரஸின் காக், பால், என்வ் ஆகிய மூன்று ஜீன்களும் இடையில் நிறுத்தக்குறி இல்லாமல் வாசிக்கக் கிடைக்கிறதா என்பதைத் தனியாகச் சரிபாருங்கள்.