பூண்டு, மஞ்சள், ஜின்கோ கேப்சூல்: ஐந்துக்கு இரண்டு

அக்காவுக்கு இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசினோகூமரால் மாத்திரை போடுகிறார். மாதாமாதம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்க்க ஊசி குத்திக் குத்தி அலுத்துப்போச்சு என்று அத்தான் வாங்கி வந்தது இந்தப் பூண்டு, மஞ்சள், ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச் சத்து) கேப்சூல். மதுரையில் மருந்துக்கடை மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கா வாயில் போடும் முன்னால் டப்பா என் கைக்கு வந்தது.

டப்பா அருமை. மூடி இறுக்கமாக இருக்கிறது, ஈரம் இழுக்கும் பொட்டலமும் உள்ளே உண்டு. ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன், பூண்டு வாசம் நிஜமாகவே இருந்தது.

வம்பு அட்டையில்தான். முன்பக்கம் 'ரத்தத்தை இளக்கும் இயற்கை மாற்று' என்று கொட்டை எழுத்தில். பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல'. எதை நம்புவது?

செடியால் ரத்தத்தை இளக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் அதிலிருந்து, ரத்தத்தை உறையவிடாத டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது. அக்காவின் மாத்திரை அதற்குப் பங்காளி. ஆக, இரண்டுக்கும் வேர் செடிதான். மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கும், அளந்து பார்க்க ஒரு பரிசோதனையும் இருக்கிறது. இந்த டப்பாவில் 'மூலிகைக் கலவை 500 மி.கி.' என்பதோடு சரி. பூண்டு எவ்வளவு, ஜின்கோ எவ்வளவு என்ற பேச்சே இல்லை.

மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம். மாத்திரை, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. பூண்டும் ஜின்கோவும் தொடுவது தட்டணுக்களை, அதாவது காயத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை அடைக்கும் சிறு அணுக்களை. ஐ.என்.ஆர். தட்டணுக்களை அளப்பதில்லை. அக்காவுக்கு டாக்டர் சொன்ன 2.5-லிருந்து 3.5-க்குள் எண் அழகாக வந்துகொண்டிருக்கும், பல் தேய்த்தால் மட்டும் ரத்தம் நிற்காது. போதாக்குறைக்கு மிளகுச் சத்து வேறு சேர்த்திருக்கிறார்கள். மஞ்சளை உடம்பு நன்றாக உறிஞ்சுவதற்காம். அது மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் போட்டாலோ, உலோக வால்வில் ரத்தம் கட்டி நேரே மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

'ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட அட்டையில் இடமா இல்லை? மயில் தோகை படத்துக்கு இருந்ததே.

ரசத்தில் தட்டிப் போடும் பூண்டையும் குழம்பு மஞ்சளையும் பற்றிப் பயப்பட வேண்டாம், அது வழக்கமான சமையல் அளவு. வைட்டமின் கே உள்ள கீரையும் அப்படித்தான், ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் ஐ.என்.ஆரைக் குழப்பும்.

ஒரு நட்சத்திரம் மூடிக்கு. பிரிக்காத இன்னொரு டப்பாவைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், இரண்டாவது அவருக்கு.