மாலில் அச்சடித்துத் தரும் குடும்பப் பெயர் வரலாறு: வாங்கலாமா?

பெங்களூரில் சில மால் கவுண்டர்களில் ஆங்கிலக் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். அதன் பொருள், பிறந்த வட்டாரம், உச்சியில் ஒரு குலச்சின்னம் எல்லாம் ஏ3 தாளில் அச்சாகி, ஃபிரேமோடு 1,800 ரூபாய்க்குக் கைக்கு வரும். கேஜிஎஃப் என்ற கோலார் தங்கவயல் வழி வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

அந்தக் குடும்பங்களின் பெயரில்தான் இது அதிகம் சறுக்குகிறது. கோலார் தங்கச் சுரங்கத்தை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நடத்திய காலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் சுரங்கக்காரர்கள் அங்கே வந்தார்கள். ட்ரெ, பொல், பென் என்று தொடங்கும் பெயர்கள் அவர்களுடையவை. ட்ரெ என்றால் பண்ணைக் குடியிருப்பு, பொல் குளம், பென் தலை அல்லது முனை. ஆங்கோவ் என்றால் கொல்லர்; நான்கேரோ, மான் திரியும் பள்ளத்தாக்கு. எல்லாம் வேல்ஸின் வெல்ஷ் மொழிக்கு உறவான, கார்ன்வாலின் கார்னிஷ் மொழிச் சொற்கள். தாளிலோ எல்லாவற்றுக்கும் ‘ஆங்கிலோ சாக்சன்’, அதாவது பழைய ஆங்கிலம் என்ற முத்திரைதான். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷர் பெயரான ஹிகின்பாட்டமுக்கு அது பொருந்தும். அதில் வரும் ‘பாட்டம்’ பள்ளத்தாக்கின் அடிநிலம், பிட்டம் என்று சிரிக்க ஒன்றுமில்லை. ஸ்மித், டெய்லர் போன்ற தொழிற்பெயர்கள் நாடெங்கும் தனித்தனியாக முளைத்தவை. அவற்றுக்கும் ஒரே ஊரைப் பூர்வீகமாக அச்சடிப்பது வெறும் இட்டுக்கட்டு.

குலச்சின்னம் இன்னும் மோசம். இங்கிலாந்தில் அது ஒரு தனி ஆளுக்கு வழங்கப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் போவது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் சொந்தமல்ல. அங்கே குலச்சின்னங்களை வழங்கும், 1484-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத்தான் சொல்கிறது. சின்னம் இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

அச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. பிக்மென்ட் மையா என்று மட்டும் கேளுங்கள். டை மை வெயிலில் வெளுத்துவிடும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயரின் பொருள் வேறு, உங்கள் வம்சம் வேறு; ஞானஸ்நானத்தில் வெள்ளைக்காரப் பெயர் வாங்கியவர்களும் உண்டு. வம்சம்தான் வேண்டுமென்றால் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பெங்களூர் கன்டோன்மென்ட் சர்ச் பதிவுகளின் நகல் மதராஸ் மாகாணக் கணக்கில் சேர்ந்து, பிரிட்டிஷ் லைப்ரரியில் என்/2 வரிசையில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாறு தேடுவோருக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் தேடக் காசில்லை. எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.