பிரஷர் சுவிட்ச் மாற்றியதாக 1,850 ரூபாய், உள்ளே இருந்தது தீப்பெட்டி அட்டை

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வீட்டில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். என் அம்மாவின் இடது கை வெந்துபோனது. முகத்திலோ தலையிலோ பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

2018 நவம்பர் 16 கஜா புயலை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அம்மாவுக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. விழுந்து கிடந்த தென்னை மட்டையை எரித்துத்தான் அத்தனை நாளும் வெந்நீர் வைத்தோம். அதன் பிறகுதான் கரண்ட்டை நம்பாத கேஸ் கீசர் வாங்கினேன். குளியலறைக்குள் மாட்டாமல் கொல்லைப்பக்கச் சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விட்டோம். உள்ளே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே வெளியே மாற்றுங்கள். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷக் காற்று வரும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நாற்றமே கிடையாது, கதவைச் சாத்திக் குளிப்பவருக்கு மயக்கம் வருவதுகூடத் தெரியாது.

ஐந்து வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. போன கார்த்திகையில் குழாயைத் திறந்தால் பற்றாமல் அடம்பிடிக்க ஆரம்பித்தது. மூன்று நான்கு தடவை திறந்து மூடினால் டிக் டிக் என்று பொறி வந்து பற்றும், பாதிக் குளியலில் அணைந்துவிடும். கீசரின் பேட்டரி செல் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் சொன்னேன். மறுநாள் ஒரு தம்பி வந்தார்.

மூடியைக் கழற்றி இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பிரஷர் சுவிட்ச் போயிடுச்சுக்கா. கம்பெனி ஐட்டம், கைவசம் ஒண்ணுதான் இருக்கு. கூலியோட 1,850 ஆகும்" என்றார். அம்மா குளிர்ந்த தண்ணீரில் குளித்துக் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறார், நான் பேரம் பேசவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவதற்குள் மூடியைப் போட்டு முடுக்கிவிட்டார். பழைய சுவிட்சைக் கேட்டேன். "அது வேஸ்ட்டுக்கா, நானே கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்றார். பில் கேட்டதற்கு, கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். பணத்தை ஜிபேயில் போட்டேன். அது ஒன்றுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

முதல் தடவையிலேயே பற்றியது, சந்தோஷமாக இருந்தது. ஆனால் குழாயை மூடிய பிறகும் சில சமயம் டிக் டிக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மாதக்கணக்கில் ஓடும் செல் ஒன்பதே நாளில் தீர்ந்தது. போன் செய்தேன். "டூப்ளிகேட் செல் போட்டிருப்பீங்க, நல்ல செல்லா போடுங்க" என்றார். நம்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா குளித்துக்கொண்டிருந்தார். சோப்புப் போடக் குழாயை மூடியிருக்கிறார். நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் நின்ற பிறகும் கீசருக்குள் நீலத் தீ அப்படியே நின்று எரிந்தது. செம்புக் குழாய்க்குள் கிடந்த தண்ணீர் கொதித்துக் கடகடவென்று சத்தம் போட்டது. நான் சிலிண்டரை மூட ஓடுவதற்குள் அம்மா மறுபடி குழாயைத் திறந்துவிட்டார். ஆவியோடு கொட்டிய தண்ணீர் மணிக்கட்டிலிருந்து விரல் வரை பட்டது. சாதாரணத் தண்ணீர்க் குழாயின் கீழே இருபது நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆற இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

திருவாரூரில் கேஸ் ஏஜென்சியில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்த மாமா ஒருவர் இருக்கிறார். அவர்தான் வந்து பிரித்தார். சிலிண்டரை மூடி, செல்லை உருவி எடுத்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரையே கையில் எடுத்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு சுவிட்ச், இரண்டு ஒயர், மேலே மெல்லிய தகடு நாக்கு. அந்த நாக்குக்கு அடியில் நாலாக மடித்த தீப்பெட்டி அட்டை செருகியிருந்தது. குச்சியை உரசும் பழுப்பு மருந்து அதில் இன்னும் ஒட்டியிருந்தது. சுவிட்சைப் பிடித்திருந்த ஸ்குரூ இரண்டிலும் பழைய துரு அப்படியே இருந்தது, ஐந்து வருஷமாக யாரும் தொடவே இல்லை. மாற்றியதாகச் சொன்ன சுவிட்ச் கீசர் வாங்கிய அன்று வந்த அதே சுவிட்ச்தான்.

"சுவிட்ச்ல ஒரு குத்தமும் இல்லம்மா. அதைத் தள்ளுற ஆளுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்றார் மாமா.

எங்கள் மாடலில் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம், அதற்குள் டயாபிரம் என்கிற ரப்பர் தட்டு. தண்ணீர் ஓடும்போது அந்த ரப்பர் நகர்ந்து ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி கேஸ் வால்வைத் திறக்கும், கூடவே சுவிட்சையும் அழுத்தும். சுவிட்ச் அழுந்தினால்தான் பொறி வரும், கேஸுக்கான இரண்டாவது வால்வும் செல் கரண்ட்டில் திறக்கும். தண்ணீர் நின்றால் கம்பி பின்னால் வந்து இரண்டும் மூடும். ஒன்று சிக்கினாலும் மற்றொன்று கேஸை நிறுத்திவிடும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கம்பி முழுக்க வெள்ளையாகக் காரை படிந்திருந்தது. ரப்பர் விறைத்து ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையில் மணலும் சுண்ணாம்பும் அடைத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு எங்களுடையது ஒற்றைத் தள வீடு, தொட்டியின் உயரம் குறைவு. பத்தடி உயரத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான் அழுத்தம், எங்கள் தொட்டியிலிருந்து கீசருக்கு அதுகூட வராது. அந்த அழுத்தத்தில் கம்பி முழுதாக நகரவில்லை, சுவிட்சை எட்டவில்லை. அந்தத் தம்பி காரையைச் சுரண்டியிருக்க வேண்டும், ரப்பரை மாற்றியிருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அட்டையைச் செருகி நாக்கைத் தூக்கிவிட்டால் அரைகுறையாக நகர்ந்தாலே சுவிட்ச் அழுந்திவிடும். ஆனால் தண்ணீர் நின்றாலும் சட்டென்று விடுபடாது. அதனால்தான் டிக் டிக் சத்தம், அதனால்தான் செல் தீர்ந்தது. அன்றைக்குக் கம்பியும் காரையில் சிக்கிக்கொண்டது. இரண்டு பூட்டும் திறந்தே கிடந்தன.

புது ரப்பர் 70 ரூபாய், சுவிட்ச் 110 ரூபாய். சுவிட்ச் நன்றாக இருந்தாலும் நாக்கு வளைந்திருந்ததால் மாற்றினார். கம்பியை வினிகரில் ஊறவைத்துக் காரையை எடுத்தார். எல்லாம் பூட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவி முட்டை விடுகிறதா என்று பார்த்தார். கேஸ் டியூபில் அச்சிட்டிருந்த தேதியையும் படிக்கச் சொன்னார், காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதையும் மாற்றினோம். கசிவு சந்தேகம் வந்தால் 1906க்கு அடிக்கச் சொன்னார், அது இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கும் எண்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீரை அடைத்துவிட்டுச் சல்லடையை நானே கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். பக்கெட் நிறைய எத்தனை நிமிஷம் என்றும் பார்த்துக்கொள்கிறேன். முன்பைவிட நேரம் கூடினால் அடைப்பு என்று அர்த்தம். உங்கள் கீசர் பற்றவில்லை என்றால் செல், சல்லடை, ரப்பர் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் பற்றிப் பேசவிடுங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பழைய சாமானைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவரை வைத்துக்கொண்டே பத்துத் தடவை குழாயைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடிய அந்த நொடியே தீ அணைய வேண்டும், சத்தமும் நிற்க வேண்டும்.

கடைக்கு நான் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஜிபே ரசீது, மாமா எடுத்த போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். "அது டெம்பரவரிக்குத்தான்மா வெச்சிருப்பான்" என்றார் முதலாளி. டெம்பரவரிக்கு 1,850 எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்துவிட்டேன் என்றதும் 1,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். மீதி 850 இன்னும் வரவில்லை, புகாரை நான் திரும்பப் பெறவில்லை. அந்தத் தம்பி இதே முறையில் வேறு யார் வீட்டிலெல்லாம் அட்டை செருகியிருக்கிறார் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சமீபத்தில் சுவிட்ச் மாற்றியவர்கள், குழாயை மூடிய பிறகும் டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று இன்று சாயங்காலமே ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டால் முதலில் சிலிண்டரை மூடுங்கள்.