பைன்புட்: நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில்

கணினிப் பாடங்களைத் திரைப்பதிவு செய்யும்போது, கிளிக் விழும் இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் தோன்றும்படி பைத்தானில் சின்னக் கருவி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். டிகின்டர், கியூட்டி போன்ற ஜன்னல் வரையும் நூலகம் எதுவானாலும் தன் ஜன்னலுக்குள் விழும் கிளிக்கை மட்டும்தான் சொல்லும். பிரவுசரிலோ எக்செல்லிலோ விழுவதும் தெரியவேண்டும் என்றால் இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் பைன்புட் நூலகம். சில ஆண்டுகளாக என் வேலை இதில்தான் ஓடுகிறது.

தொடங்குவது சுலபம். பைன்புட்டின் லிசனருக்கு (கிளிக்கைக் கவனித்துக்கொண்டிருக்கும் பகுதி) ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் எக்ஸ், ஒய், எந்தப் பட்டன், அழுத்தியதா விட்டதா என்ற நான்கும் வந்துவிடும். விண்டோஸில் உள்ளுக்குள் நடப்பது லோ-லெவல் மவுஸ் ஹூக், அதாவது ஒவ்வொரு மவுஸ் நிகழ்வையும் இடையில் பிடித்துப் பார்க்கும் கொக்கி. அந்த ஃபங்ஷன் வேலையை முடிக்கும்வரை விண்டோஸ் அடுத்த மவுஸ் நிகழ்வை நகர்த்தாமல் காத்திருக்கும். சோதனைக்காக அதற்குள் அரை விநாடி ஸ்லீப் போட்டுப் பாருங்கள்: கிளிக் செய்ததும் கர்சர் உறைந்து, பிறகு ஒரே தாவலில் வேறிடத்துக்குப் போகும். உங்கள் கருவியில் மட்டுமல்ல, கணினி முழுக்க. விண்டோஸ் 7 முதல், தொடர்ந்து தாமதித்தால் எச்சரிக்கையே இல்லாமல் ஹூக்கைக் கழற்றிவிடும். கருவி ஓடுவதுபோலவே தெரியும், கிளிக் மட்டும் வராது. அதனால் ஃபங்ஷனில் அந்த எக்ஸ், ஒய் ஆயங்களைக் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போடுவதோடு சரி. வட்டம் வரைவது, கோப்பில் எழுதுவது எல்லாம் முதன்மைத் திரெட்டில் (நிரலின் முக்கிய ஓட்டத்தில்). டிகின்டரை வேறு திரெட்டிலிருந்து தொடுவதும் வம்புதான்.

அடுத்த தலைவலி ஸ்கேலிங், அதாவது திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் அமைப்பு. லேப்டாப்பில் 125 அல்லது 150 சதவீதம் வைத்திருந்தால் வட்டம் கிளிக்கை விட்டுத் தள்ளி விழும். நிரல் தொடங்கும்போதே டிபிஐ அவேர்னஸை (இந்தப் பெரிதாக்கலை நிரலே பார்த்துக்கொள்ளும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் அமைப்பு) 2 என்று வைத்தால் தீர்ந்தது.

டாஸ்க் மேனேஜர் மாதிரி அட்மின் உரிமையில் ஓடும் ஜன்னல்களில் விழும் கிளிக், கருவியும் அட்மினாக ஓடினால்தான் தெரியும். எக்ஸி (.exe) கோப்பாகக் கட்டிக் கொடுத்தால் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் முறைக்கும். அவற்றைக் குறை சொல்லவும் முடியாது, தட்டச்சைத் திருடும் கீலாகர்களும் இதே வாசல் வழியாகத்தானே வருகின்றன! வேண்டாதபோது லிசனரை நிறுத்திவைப்பதே மரியாதை.

மேக்கில் அக்ஸெசிபிலிட்டி அனுமதி வேண்டும். டெர்மினலில் ஓட்டும்போது அனுமதி டெர்மினலுக்குப் போகிறது. செயலியாகக் கட்டியதும் அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனிக்கும் பழைய அமைப்பான எக்ஸ்11 இருக்கும்வரை கவலையில்லை. அதற்குப் பதிலாக வந்த வேலாண்டில், எக்ஸ்11 செயலிகளுக்கான எக்ஸ்வேலாண்டுக்குள் ஓடும் செயலிகளின் கிளிக் மட்டும் வரும், மற்றவை வராது. ஒரு செயலி இன்னொன்றை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது வேலாண்டின் கொள்கை, அது நியாயம்தான். ஆனால் என் வேலை கெடுகிறது. உபுண்டு 24.04-இல் லாகின் செய்யும்போதே எக்ஸார்க் (எக்ஸ்11) அமர்வைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கிறேன். 25.10-இல் அந்த அமர்வையே எடுத்துவிட்டார்கள், அதனால் பதிவு செய்யும் கணினியை இன்னும் மேம்படுத்தவில்லை.